புழுதி விதைப்பும் பிள்ளை வளர்ப்பும்

கோவில்பட்டியிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் சிறிது தொலைவிலேயே கரிசல் காடு தொடங்கிவிடுகிறது. கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், மேற்கே கழுகுமலை, வடக்கே சாத்தூர், தெற்கே கடம்பூர், கயத்தாறு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், மழை பெய்தவுடன் நடப்பவர் காலைப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். வற்றாத ஆறு இங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையே வெள்ளாமையின் தலைவிதி. வானம் பார்த்த பூமி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் தமிழகத்தில் அரிது.

இந்நிலத்து உழவர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் ஒரு முறைக்குப் புழுதி விதைப்பு என்று பெயர். மழை பெய்து மண் நனைந்தபின் விதைப்பது பிற ஊர்களின் வழக்கம். கரிசலில் அவ்வாறு காத்திருந்தால், நனைந்த மண்ணில் ஏர் இறங்காது. கிடைத்த ஈரமும் வீணாகும். ஆகவே புரட்டாசியிலேயே, காய்ந்த புழுதியில் சோளத்தையும் கம்பையும் உளுந்தையும் பருத்தியையும் விதைத்துவிடுவர். மழை உரிய காலத்தில் வந்தால் பயிர் முந்திக்கொள்ளும். சிறுதூறலோடு ஏமாற்றிவிட்டால் முளை கருகும். இரண்டில் எது நேரும் என்பதை விதைக்கும்போது எவரும் அறியார்.

1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இம்மண்ணுக்குரிய கருங்கண்ணிப் பருத்தி வகைகளை உருவாக்கிப் புகழ்பெற்றது. புழுதி விதைப்பைச் சீர்செய்யும் ஆய்வுகளும் அங்கே நிகழ்ந்துள்ளன. மானாவாரி உழவருக்கு இன்று பரிந்துரைக்கப்படும் முறைகளுள் ஒன்று ‘விதை கடினப்படுத்துதல்’ என்பது. விதையை வெறும் நீரிலோ, மிகவும் நீர்த்த உப்புக் கரைசலிலோ, இலைச்சாற்றிலோ சில மணி நேரம் ஊறவைப்பர். முளை வெளிவருமுன் எடுத்து, நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்கே கொண்டுவந்துவிடுவர். முளைப்பதற்கான வேலையைத் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்ட விதை அது. புழுதியில் கிடக்கும்போது வறட்சியை ஓரளவு தாங்கும். ஈரம் கிடைத்தவுடன் விரைந்து முளைக்கும். இதில் அளவே உயிர். ஊறவே இல்லையெனில் பயன் இல்லை. மிகுதியாக ஊறிவிட்டாலோ முளை வெளிப்பட்டு, உலர்த்தும்போதே மடிந்துவிடும்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதப் புகுந்தவன் பயிர் வளர்ப்பைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ‘குழந்தைகளைத் தோற்க விடுங்கள், அப்போதுதான் உரம் பெறுவார்கள்’ என்று இன்று பலரும் கூறுகின்றனர். ‘எம் பிள்ளை எதிலும் தோற்கவே கூடாது’ என்று அவர்களினும் மிகப் பலர் எண்ணுகின்றனர். இவ்விரு கூற்றுகளையும் கரிசல் மண்ணின் நூறாண்டு வரலாற்றில் உரசிப் பார்த்தால், இரண்டிலும் அளவு பிழைபட்டிருப்பதைக் காணலாம்.

எட்டயபுரத்துச் சிறுவன்

1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியன் ஐந்து வயதில் தாயை இழந்தான். தந்தை சின்னசாமி ஐயர் கணக்கிலும் இயந்திர நுட்பத்திலும் வல்லவர். தம் மகனும் ஆங்கிலக் கல்வி பெற்று, கணிதம் தேர்ந்து, உயர்ந்த நிலையை அடைய வேண்டும் என்று விரும்பினார். தெருவில் மற்றச் சிறுவர்களோடு கூடி விளையாட மகனை அவர் விடவில்லை. பிற்காலத்தில் பாரதியார் தம் வாழ்வைப் பாடலாக எழுதியபோது, பிற பிள்ளைகள் ஆடித் திரிவதைத் தாம் ஏக்கத்தோடு பார்த்து நின்றதையும், தந்தைக்கு அஞ்சித் தனித்திருந்ததையும் மறவாமல் பதிவு செய்தார்.

தந்தையின் அன்பில் ஐயம் இல்லை. ஆனால் காத்து வளர்த்த அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற மகனுக்கு அந்தப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. தந்தைக்குப் பெருஞ்செலவும் தமக்குப் பயனின்மையுமே அக்கல்வியின் விளைவு என்று பாரதியார் பின்னர் கசந்து எழுதினார். எட்டயபுரத்தில் தந்தை நிறுவிய பஞ்சாலை முயற்சியும் தோற்றது. பொருள் இழந்து, மனம் ஒடிந்து, 1898இல் அவர் காலமானார். முந்திய ஆண்டுதான் மணம் முடித்திருந்த பதினைந்து வயது இளைஞனுக்குத் தோல்வி என்பது அறிமுகமே இல்லாத விருந்தாளியாக, முன்னறிவிப்பின்றி, ஒரே நாளில் முழு உருவத்தோடு வந்து நின்றது.

அவரைக் காத்தது எது? காசியிலிருந்த அத்தை குப்பம்மாளின் வீடு. அங்கே தங்கிப் படித்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தின் புகுமுகத் தேர்வில் வெற்றி பெற்றார். ஊர் திரும்பியபின், 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அவ்வாண்டின் இறுதியில் ‘சுதேசமித்திரன்’ இதழில் சேர்ந்தார்.

தோல்விதான் பாரதியைக் கவிஞராக்கியது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது உண்மையாகாது. தந்தையை இழந்து, படிப்பை இழந்து, அதன்பின் பெயரே தெரியாமல் மறைந்துபோன சிறுவர்கள் இம்மண்ணில் ஏராளம். விழுந்தவன் எழுவதற்கு ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது என்பதே பாரதியின் வரலாறு நமக்குக் கூறும் செய்தி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விளையாட விடாமல் வளர்க்கப்பட்ட அதே மகன், பின்னாளில் புதுவையில் வாழ்ந்தபோது குழந்தைகளுக்காக ஒரு பாட்டு எழுதினார். தமிழகத்தின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் அறிந்த அந்தப் பாட்டு, ஓடியாடி விளையாடும்படி குழந்தையிடம் சொல்வதோடுதான் தொடங்குகிறது.

இடைசெவல் தந்த இருவர்

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சாலையில் இடைசெவல் என்ற சிற்றூர் இருக்கிறது. 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் இருவர் அங்கே பிறந்தனர். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. ஒரே ஊரில் பிறந்த இருவருமே சாகித்திய அகாதெமி பரிசு பெற்றனர் என்பது தமிழிலக்கிய வரலாற்றில் அரிய செய்தி.

கி.ரா.வின் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. மழைக்குத்தான் தாம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பாடத்தைப் பாராமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இளமையில் காசநோய் அவரை வாட்டியது. இசை பயில ஆசைப்பட்டார், இசைக்கலைஞராகவில்லை. உழவர் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவருடைய முதல் கதை அச்சேறியபோது வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தின் அளவுகோலால் அளந்தால், முப்பத்தைந்து வயதுவரை அவர் வாழ்வு தோல்விகளின் அடுக்கு.

ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. காட்டிலும் களத்திலும் மடத்துத் திண்ணையிலும் மக்கள் பேசும் சொற்களைக் கேட்டுச் சேகரித்துக்கொண்டிருந்தார். 1976இல் ‘கோபல்ல கிராமம்’ வெளிவந்தது. 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி கொணர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராக மிதித்திராத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 2021 மே 17 அன்று புதுவையில் மறைந்த அவருக்கு இடைசெவலில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது.

அழகிரிசாமியோ பள்ளிப் படிப்பை முடித்து அரசு வேலையும் பெற்றவர். குடும்பம் மூச்சுவிட்டிருக்கும். அவ்வேலையை உதறிவிட்டு எழுத்தை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார். பின்னர் மலேயாவில் ‘தமிழ் நேசன்’ இதழில் பணிபுரிந்தார். 1970இல் நாற்பத்தாறு வயதில் மறைந்தார்; ‘அன்பளிப்பு’ தொகுதிக்கான பரிசு அவர் மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பெற்றது. வெற்றி அவருக்கு ஏராளமாகக் கிடைக்கவில்லை. ஆயினும், எங்கிருந்தாலும் அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வந்துள்ளன. இடறி விழுந்த ஒவ்வொரு முறையும் ஒருவரை ஒருவர் நகைக்காத நண்பர் இருவரும் பெற்றிருந்த பேறு அது.

‘அன்பளிப்பு’ என்ற அந்தக் கதையை நம் பெற்றோர் அனைவரும் படிக்க வேண்டும். பக்கத்து வீடுகளின் குழந்தைகளோடு அன்பாகப் பழகும் ஒருவர், அவர்களுள் இருவருக்கு மட்டும் நாட்குறிப்பேடு பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. சாரங்கன் அழவில்லை, கோபிக்கவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு விருந்தாக அழைக்கிறான். உபசரிக்கிறான். பின்னர் தானே ஒரு நாட்குறிப்பேட்டை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கிறான்.

குழந்தைகள் ஏமாற்றத்தை எவ்வளவு மிடுக்கோடு தாங்கக்கூடியவர்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. அதே வேளையில், சிறுவன் தாங்கிக்கொண்டான் என்பதால் பெரியவரின் அசட்டை நியாயமாகிவிடவில்லை. கதையைப் படித்து முடிக்கும்போது நம் கண் கலங்குவது சாரங்கனின் துணிவுக்காக மட்டுமன்று. அத்துணிவு அவனுக்குத் தேவைப்பட்டதற்காகவும்தான். ‘தோல்வி நல்லது’ என்று முழங்குவோர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடலாகாது.

தீக்குச்சி அடுக்கிய கைகள்

மறந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே மண் காட்டியிருக்கிறது. 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் பரவியது. காய்ந்த வானிலை தொழிலுக்கு உகந்தது. பொய்த்த வெள்ளாமை ஆட்களைத் தந்தது. அந்த ஆட்களுள் பல்லாயிரவர் குழந்தைகள். சட்டங்களில் தீக்குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும் சிறுவிரல்களே ஏற்றவை என்று சொல்லப்பட்டது. விடியுமுன் ஆலைப் பேருந்து கிராமத்துக்கு வரும். உறக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். 1976இல் சிவகாசிப் பகுதியில் அத்தகைய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி, பல குழந்தைகள் மாண்டபோதுதான் நாடு சற்றுத் திரும்பிப் பார்த்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவர்களைக் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

அக்குழந்தைகள் சோம்பலை அறியார். துன்பத்தில் வளர்ந்தவர்கள். ‘துன்பம் உரமாக்கும்’ என்ற விதி எப்போதும் பொருந்துமானால், அவர்கள் அனைவரும் வாழ்வில் வென்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்டது முயன்று தோற்கும் உரிமை. ஆலையில் முயற்சி என்று எதுவும் இல்லை; எண்ணிக்கை மட்டுமே இருந்தது. பள்ளிக்கே செல்லாதவன் தேர்வில் தோற்கவும் முடியாது. வறுமையும் தோல்வியும் ஒன்றல்ல என்பதை நாம் இங்கே தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். மிகுதியாக ஊறிய விதை உலர்த்தும்போது மடிவதுபோல, அளவு மீறிய சுமை பிள்ளையைக் கடினப்படுத்துவதில்லை, முடித்துவிடுகிறது.

இந்த வரலாற்றின் மறுமுனையில்தான் இன்றைய பெற்றோர் நிற்கின்றனர். அன்று தீக்குச்சி அடுக்கிய சிறுமிகள் இன்று தாய்மார். சிலர் பாட்டியரும் ஆகிவிட்டனர். ‘நாங்க பட்ட பாடு எங்களோட போகட்டும், எம் பிள்ளை படக் கூடாது’ என்ற சொல்லைக் கரிசல் கிராமங்களில் கேளாத நாள் இல்லை. பள்ளி வேன் வரும்வரை புத்தகப் பையைத் தாயே சுமந்து நிற்கிறார். வீட்டுப் பாடத்தைத் தந்தையே எழுதி முடிக்கிறார். பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கடைக்கு அனுப்ப அஞ்சுகின்றனர். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று இவர்களைப் பழிப்பது நன்றி கெட்ட செயல். பிடுங்கப்பட்ட தங்கள் குழந்தைப் பருவத்தை அவர்கள் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க முயல்கின்றனர். ஆயினும் ஆலை அவர்களிடமிருந்து பறித்த முயன்று பார்க்கும் உரிமையையே, அன்பின் பெயரால் அவர்களும் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்ளும் அபாயம் இதில் இருக்கிறது. சின்னசாமி ஐயரின் பிழையும் அன்பால் விளைந்ததே.

அளவை அறிவது எப்படி?

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உலகப் போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவற்றுள் சில ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்தார். அவருடைய கல்விக் கருவிகளுள் ஒன்று உருளைக் கட்டை. பத்து உருளைகள், அளவு வேறுபட்ட பத்துக் குழிகள். ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்துவிட்டால், கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். ‘தவறு செய்தாய்’ என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். குழந்தை மீண்டும் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கத் தொடங்கும். இதில் மூன்று செய்திகள் பொதிந்துள்ளன. தோல்வி சிறியது, குழந்தையின் கைக்குள் அடங்குவது. அது குழந்தையின் சொந்த முயற்சியில் விளைந்தது, பிறர் சுமத்தியதன்று. மீண்டும் தொடங்க வழி இருக்கிறது, அவமானம் இல்லை.

இம்மூன்றும் அமைந்த களங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. கோவில்பட்டியை ஹாக்கி நகரம் என்பர். இங்கே பையன்கள் மட்டை பிடிக்கத் தொடங்குவது இளம் வயதில். இந்த மண்ணில் ஆடி வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம் பெற்றார். ஆனால் விளையாட்டின் முதற்பயன் அதுவன்று. வாரந்தோறும் ஓர் அணி தோற்றே ஆக வேண்டும். தோற்றவர்கள் மறுநாள் அதே திடலுக்கு வருகின்றனர். தோல்வி உலகத்தின் முடிவல்ல என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு நன்றாகக் கற்பிக்காது.

தேர்வின் நிலை வேறு. எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2019இல் நாடாளுமன்றம் அவ்விதியைத் தளர்த்தியது. அதையொட்டி 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்த தமிழ்நாடு அரசு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. பத்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் தோற்றவன் என்று முத்திரையிடுவதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. அது சிறியதுமன்று, பிள்ளை தேர்ந்துகொண்டதுமன்று. பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியதும், தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுத வழி செய்ததும் போற்றத்தக்க செயல்கள்.

ஆனால் ஆண்டுதோறும் முடிவு வெளியாகும் நாளில், மதிப்பெண்ணை எண்ணி உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராமல் இருப்பதில்லை. துணைத்தேர்வு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று? தெரியும். தோற்றபின் வீட்டுக்குத் திரும்பலாம் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. அதைப் பதினேழாம் வயதில், முடிவு வந்த அன்று சொல்லித் தர இயலாது. உடைந்த பானைக்கும், தொலைந்த சில்லறைக்கும், தோற்ற பந்தயத்துக்கும் வீட்டில் என்ன மறுமொழி கிடைத்தது என்பதிலிருந்து ஏழு வயதிலேயே பிள்ளை அதைக் கற்றுக்கொள்கிறது. கலக்கமுற்ற மாணவருக்கு ஆலோசனை கூற 104 என்ற தொலைபேசி எண்ணை அரசு வைத்திருக்கிறது. அவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். எனினும் பிள்ளை முதலில் அழைக்க வேண்டிய எண் பெற்றோருடையதாக இருத்தல் வேண்டும்.

நற்செய்தியில் நாம் அடிக்கடி கேட்கும் ஊதாரி மகனின் உவமையை இக்கோணத்தில் எண்ணிப் பாருங்கள். இளைய மகன் கேட்ட பங்கைத் தந்தை பிரித்துக் கொடுத்தார், போக விட்டார். பின்னாலேயே வேலையாளை அனுப்பி அவன் செலவுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் அவன் தொலைவில் வரும்போதே கண்டுகொண்டார் என்றால், அவர் கண்கள் அந்தச் சாலையை விட்டு அகலவில்லை என்பதே பொருள்.

புழுதியில் விதைக்கும் கரிசல் உழவர் இன்னொரு காரியமும் செய்வதுண்டு. இருக்கும் விதை முழுவதையும் முதல் விதைப்பிலேயே தூவிவிட மாட்டார். மழை ஏமாற்றி முளை கருகினால், அடுத்த ஈரத்தில் மறுபடியும் விதைக்க வேண்டும். அதற்கென்று வீட்டில் ஒரு பங்கு எடுத்து வைப்பார். வீட்டுப் பெண்கள் அடுப்பங்கரையின் வறுமையிலும் அந்தக் குதிரில் கை வைப்பதில்லை. மழையைப் பெய்விப்பது அவர் கையில் இல்லை. விதைக்காமல் இருந்தால் தோல்வி இல்லை, வெள்ளாமையும் இல்லை. அவரால் ஆகக்கூடியது விதையை அளவறிந்து பக்குவப்படுத்துவதும், மறு விதைப்புக்கு ஒரு பங்கைக் காத்து வைப்பதுமே. பிள்ளை பெற்றவர்கள் செய்யக்கூடியதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.